பாட்டு ஈன்ற பெயர்

குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவர் யாரென்று தொகுத்தவருக்குத் தெரியவில்லை. பாட்டிலிருந்தே ஓர் உவமையை எடுத்து, மரியாதை விகுதி சேர்த்து, செம்புலப்பெயனீரார் என்று பெயராக்கிவிட்டார். அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் பெயர்களும் இப்படி வந்தவையே.

1969இல் மிஷேல் ஃபூக்கோ 'ஆசிரியர் என்றால் என்ன' என்ற உரையில் முன்வைத்த கருத்தை இந்தப் பெயர்களைக் கொண்டு சோதிக்கலாம். ஒரு காலத்தில் இலக்கியம் பெயரின்றியே உலவியது, அதன் பழமையே போதிய உத்தரவாதம். அறிவியல் நூலுக்குத்தான் பெயர் தேவைப்பட்டது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நிலைமை தலைகீழானது என்றார். அவர் பேசியது ஐரோப்பாவைப் பற்றி. அதை எல்லா மொழிக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்வது நம் தவறு.

அறிவியல் பாதி இங்கும் பொருந்துகிறது. மொழிநடையாலேயே பிற்காலத்தவை என்று தெரியும் மருத்துவ நூல்கள் அகத்தியர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மருந்தை நம்ப அந்தப் பெயர் வேண்டியிருந்தது. இலக்கியப் பாதி பொருந்தவில்லை. சங்கப் பாடல்கள் 2381இல் பெயர் தெரியாதவை 102 என்பது வழக்கமான கணக்கு. பெயரின்மை யாரையும் உறுத்தவில்லை என்றால் உவமையிலிருந்து ஒரு புலவரைப் பிறப்பித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பெயருக்குள் உடைமை இல்லை. இங்கிலாந்தில் 1710இல் ஆனி அரசியின் சட்டம் ஆசிரியருக்குத் தந்த பதிப்புரிமை போன்ற எதுவும் செம்புலப்பெயனீராருக்குக் கிடையாது. கிடைத்தது புகழ் மட்டுமே. நன்னூல் என்ற இலக்கண நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நூலின் முன்னுரையான சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டிய எட்டில் முதலாவது ஆக்கியோன் பெயர். ஆனால் அந்தப் பாயிரத்தை ஆக்கியவனே செய்யக்கூடாது. அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோருள் ஒருவர் செய்ய வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்தது போல. பெயருக்கு இன்னொருவர் சாட்சி நிற்கும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இன்றைய இயற்பியலை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த கட்டுரைக்கு 5154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களுமே. கருவியைக் கட்டியவர் இல்லாமல் அளவீடே இல்லை என்ற அவர்களின் வாதம் நேர்மையானது. அதை நான் மறுக்கவில்லை. புகழைப் பகிர்வதில் அவர்கள் தாராளமானவர்கள். பொறுப்புதான் கரைந்துபோகிறது. ஒரு வரி பிழைத்தால் அதற்கு யார் பதில் சொல்வது? மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, எழுதியவர் முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கிறது. அந்த அளவுகோலில் ஐயாயிரம் பெயர் நிற்காது.

நம் மரபும் குறையற்றதல்ல. தொகுத்தவர் பாட்டில் கைவைத்தாரா என்று அறிய வழியில்லை. இருந்தும் யார் எந்த வேலையைச் செய்தார் என்பதைப் பிரித்துச் சொல்வதில் அது துல்லியமானது. என் தீர்ப்பு அதன் பக்கமே. அகநானூற்றைப் பாடிய புலவர்கள் தனி, தொகுத்தவர் உருத்திரசன்மனார், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஹிக்ஸ் கட்டுரையின் அந்த 24 பக்கங்களிலோ கம்பி பொருத்தியவரும் கணக்கிட்டவரும் எழுதியவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.