சைவதூஷண பரிகாரமும் கிறித்தவரொடு உரையாடலும்

யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் இயற்றிய ‘சைவதூஷண பரிகாரம்’ 1854-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிறித்தவ அன்பரொடு சமயஞ் சொல்லாட நேரும் சைவர் பலர் இன்றுகாறும் அந்நூல்வழி வந்த விடைகளையே படைக்கலமாகக் கொண்டுள்ளனர். நூலின் அருமையை மீளவும் புகழ்தல் மிகையாம். அதனை நாம் கையாளும் முறையே ஈண்டு ஆராயற்பாலது.

நாவலரவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, ஆங்கே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர்கள். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சாயிற்று. எனவே எதிரியின் நூலை அவர்கள் செவிவழியாக அறிந்தவர்களல்லர், வரிவரியாக ஓதியுணர்ந்தவர்கள். திருக்கோயிலில் விளக்கிடுதலும் தூபங்காட்டலும் நிவேதனஞ் செய்தலும் அஞ்ஞானமென்று பாதிரிமார் இகழ்ந்த காலத்து, யூதர் வழிபாட்டிற்குக் கடவுளே விதித்தனவாக அவர்தம் பழைய ஏற்பாடு கூறும் குத்துவிளக்கையும் தூபவர்க்கத்தையும் சமுகத்தப்பத்தையும் தீட்டினையும் சுத்தியினையும் எடுத்துக்காட்டி அவ்விகழ்ச்சியை மாற்றினார்கள். இது தருக்கநெறிக்கு முற்றும் ஒத்தது. என்னை? ஆகமத்தை உடன்படாதான்முன் ஆகமத்தைக் காட்டல் பயனின்று. அவன் உடன்பட்ட நூலே அவனுக்கு உரையளவையாம்.

எனினும், இவ்விடையின் எல்லையை அறிந்தே இதனை வழங்கல் வேண்டும். விவிலியமறிந்த கிறித்தவரொருவர், ‘அச்சடங்குகள் வரவிருந்த பொருளின் நிழல், பொருள் வந்தபின் நிழல் நீங்கிற்று, ஒரே பலி ஒருமுறை செலுத்தப்பட்டமையின் ஏனைப் பலிகள் ஒழிந்தன’ என்று எபிரெயர் நிருபத்தை ஆதாரமாகக் காட்டுவர். ஆண்டுச் சைவர் பலரும் வாய்வாளாதிருத்தல் அல்லது உரத்துப் பேசுதல் என்னும் இரண்டனுள் ஒன்றைச் செய்கின்றனர். பட்டியலை மட்டும் மனப்பாடஞ் செய்து, சித்தாந்தத்தை ஓதாமையே இதன் காரணம். நம் வழிபாடு வருவதொன்றன் நிழலன்று. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஞானம் பெற்ற சீவன்முத்தரைப் பற்றியது. அந்நிலையினரும் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழுவர் என்பது அதன் கருத்து. திருக்கோயில் வழிபாடு ஞானம் வந்தவிடத்து உதிரும் தோலாயின், அதனை நூலின் இறுதிக்கண் வைத்தல் பொருந்தாது. எதிரியின் நூல்கொண்டு கூறும் விடை பழியை நிறுத்தும். நம் கொள்கையை விளக்குதற்கு நம் நூலே வேண்டும்.

இன்னுமொன்று. நாவலரவர்கள் எதிர்நின்றது பெரும்பாலும் புரோட்டஸ்டண்டு மிஷனாரிமாரை. கத்தோலிக்கர் திருவுருவமும் தூபமும் தீபமும் உடையவர். அவரிடத்துச் சென்று விக்கிரகத்தைப் பற்றி நீண்ட வாதம் நிகழ்த்துவாரையும் காண்கின்றோம். யாரொடு பேசுகின்றோம் என்றறியாது பேசுதல் வீண்.

பரபக்கம் பாடிய அருணந்தி சிவாசாரியர் உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களையும் ஒவ்வொன்றாக முதலில் அம்மதத்தார் கூற்றாகவே நிறுத்தி, அதன்பின்னரே மறுத்தார். கிறித்தவக் கொள்கையை இம்முறையில் நிறுத்திக் காட்டுவார் நம்மில் அரியர். ‘கருவிற் பிறந்தவன் கடவுளாவானோ?’ என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். சிவபெருமான் பிறப்பிலி என்பது நமக்கு உயிர்நிலையான கொள்கை. ஆயின் வினைவயத்தாற் பிறந்தார் என்று கிறித்தவர் கூறுகின்றிலர்; அன்பினால் தாமே மானுடமேற்றார் என்பதே அவர் கூற்று. நாமும் இறைவன் அருளே திருமேனியாகக் கொண்டு வெளிப்படுவன் என்கின்றோம். அவ்வாறாயின் வேற்றுமை எங்கே? உடம்பின் தன்மையில். கிறித்துவின் உடம்பு தோற்றமாத்திரையே என்ற கூட்டத்தாரை அவர்தம் திருச்சபை முற்காலத்திலேயே விலக்கியது. 451-இல் கூடிய கல்கெதோன் சங்கம் அவரை மெய்யாகவே கடவுளும் மெய்யாகவே மனிதரும் என்று வரையறுத்தது. ஊனுடம்பே வேண்டுமென்பது அவர் துணிபு. மாயையின் காரியமாகிய உடம்பு இறைவனுக்கு ஏலாதென்பது நம் துணிபு. இவ்விடத்து வாதஞ் செய்தல் தகும். கருவைப் பற்றிய ஏளனம் வாதமாகாது. அது கேட்பாரின் தாயன்பைப் புண்படுத்தும் சொல்லாகவே முடியும்.

போப்பையர் 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டமையை நற்சான்றுப் பத்திரம்போல் நீட்டும் வழக்கமும் உண்டு. அவர் உருகியது மெய்யே. உருகியும் இறுதிவரை கிறித்தவ குருவாகவே இருந்தார் என்பதையும் உடன்கூறுவதே நேர்மை. வாதவூரடிகள் வாக்கிற்குப் பிறர் சான்று எதற்கு?

இனி, நூலும் கொள்கையும் முடிந்தபின் கிறித்தவ அன்பர் இறுதியாக எடுப்பது தம் அநுபவத்தை. ‘யான் பாவியாயிருந்தேன், அவர் என்னை மீட்டார், என் உள்ளம் அமைதியுற்றது’ என்பர். இதனை நகைப்பாரும் உளர். ‘எல்லாம் ஒன்றே’ என்று தழுவிக்கொள்வாரும் உளர். இரண்டும் பிழை. காட்சியளவையை நான்காக வகுத்த நம் ஆசிரியர் இன்பதுன்ப நுகர்ச்சியைத் தன்வேதனைக் காட்சி என்றனர். ஒருவர்தம் அமைதியை அவரே அறிவர். அதனை மறுத்தற்குப் பிறர்க்கு வாயில் இல்லை. அவ்வமைதியொன்றே கொண்டு, உயிர்கள் படைக்கப்பட்டனவென்றோ, பிறவி ஒன்றே என்றோ சாதித்தலும் கூடாது. அவை கருதலாலும் உரையாலும் துணியப்பட வேண்டியவை. எச்சமயத்தார் அன்பையும் ஏற்று அருளுவான் சிவனே என்பது நமது கொள்கையாதலின், அவர் கண்ணீரைப் பொய்யென்னும் கடப்பாடு நமக்கில்லை. அக்கொள்கையை அவர் முகத்தெதிரே கூறி, ‘நீர் அறியாது எம் கடவுளையே வணங்குகின்றீர்’ என்று பெருமிதங் கொள்ளுதல் நாகரிகமன்று. நம்மை நோக்கி அவர் அங்ஙனம் கூறின் நாம் பொறுப்போமா?

அவர் நம்மை வினவும் வினாவொன்று உண்டு. அதனை நாம் எளிதாகக் கடந்து செல்கின்றோம். ஆணவம் அநாதியாயின், இறைவன் கருணையும் அநாதியாயின், அக்கருணை இத்துணைக் காலம் தாழ்த்தது எற்றுக்கு என்பர். செம்பிற் களிம்பு, நெல்லின் உமி என்னும் உவமைகளைக் கூறி எழுந்துவிடுகின்றோம். உவமை மலம் இயல்பாக உடனிருத்தலை விளக்குமேயன்றிக் காலத் தாழ்ப்பை விளக்காது. அவ்விளக்கம் மலபரிபாகத்திலும், பக்குவம் நோக்கி மலத்தோடியைந்து நின்று அதனைச் செலுத்தும் திரோதான சத்தியிலும் உள்ளது. மறைத்தலும் அருளே என்பதனைக் கிறித்தவர்க்கு அவர் அறியும் சொற்களால் எடுத்துரைக்கும் நூலொன்று தமிழில் எழுதப்படல் வேண்டும். நாவலரவர்கள் விவிலியத்தைக் கற்ற அளவிற்கு அதனைக் கற்றவரே அந்நூலை எழுதவல்லார்.