காற்றுமேட்டில் எடை குறைந்த முகாம் கருவிகள்: டார்ட்மூர் நிலத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டார்ட்மூர், மரங்கள் அருகிய புல்வெளியும் கால் புதையும் சதுப்பும் கொண்ட கிரானைட் மேட்டுநிலமாகும். அதன் உச்சியான ஹை வில்ஹேஸ் 621 மீட்டரே உயரமுடையது எனினும், அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் மேல்காற்றை இடைமறிக்க அதற்கு மேற்கே அதனினும் உயர்ந்த மேடு எதுவும் இல்லாமையால், கோடை தொடங்கும் காலத்திலும் அங்கே பலத்த காற்றை எதிர்பார்த்தே முகாமிட வேண்டியுள்ளது. அந்நிலத்தில் 1960 முதல் நடைபெற்றுவரும் டென் டார்ஸ் நடைப்பயணத்தில், 14 முதல் 19 வயது வரையுள்ளோர் ஆறு பேர் கொண்ட குழுக்களாக 35, 45, 55 மைல் தொலைவுகளுள் தம் வயதுக்குரியதை இரண்டு நாள்களில் கடக்கின்றனர். டார் எனப்படுவது குன்றின் தலையில் துருத்தி நிற்கும் பாறைக்கூட்டமாகும்; அத்தகைய பத்து டார்களைத் தொட்டுச் செல்லும் குழுவினர், சாரணராயினும் பள்ளி மாணவராயினும், கூடாரம், அடுப்பு, உணவு அனைத்தையும் தாமே சுமந்து, பெரியவர் துணையின்றி இரவைக் கழிக்கின்றனர். இளையோருக்கான எடை குறைந்த கருவிகளை எடைபோட இதைவிடப் பொருத்தமான களம் வாய்ப்பது அரிது.

இத்தகைய கருவிகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் கிராம் கணக்கையே முன்னிறுத்துகின்றன. வளரும் பிள்ளையின் முதுகில் ஏறும் சுமையைக் குறைக்க நினைப்பது நியாயமே. ஆயினும் காற்று வேறொரு கணக்கைக் கேட்கிறது. காற்று ஒரு பரப்பின் மீது செலுத்தும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதால், வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று 2 சதுர மீட்டர் அளவுள்ள கூடாரப் பக்கத்தைத் தோராயமாக 12 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் தள்ளுமெனில், 72 கிலோமீட்டர் வேகத்தில் அவ்விசை 50 கிலோவை எட்டிவிடும். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் முழு எடையையும் கூடாரத்தின் மேல் சாய்ப்பதற்கு அது ஒப்பாகும். மாலையில் அசையாமல் நின்ற கூடாரம் நள்ளிரவில் படுத்துவிடுவதன் காரணம் இதுவே.

சாரணர் குழுக்களின் கிடங்குகளில் காணப்படும் இருவர் கூடாரங்களை இந்நோக்கில் மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, இரண்டு கண்ணாடியிழைக் கழிகள் உச்சியில் குறுக்காகச் செல்லும் மலிவான குவிமாடக் கூடாரம். இது விரைவில் நிமிரும். ஆனால் கண்ணாடியிழை அளவுக்கு மீறி வளைக்கப்படும்போது சிம்பு சிம்பாகப் பிளந்து, அதன் கூர்முனை துணியையும் கிழித்துவிடும். காற்றுமேட்டுக்கு இதைக் கொண்டுசெல்லவே கூடாது. இரண்டாவது, ஸ்காட்லாந்து நிறுவனமான வேங்கோவின் பான்ஷீ 200 போன்ற, அலுமினியக் கழிகள் கொண்ட தாழ்ந்த கூடாரம். எடை இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும். உள்ளே நிமிர்ந்து உட்காரக்கூட இடம் போதாது. ஆனால் அந்தத் தாழ்வே அதன் வலிமை. உட்புறத்தில் கழியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் பட்டைகள் இருப்பதால், குறுக்கே வரும் காற்றில் கழி வளைவது கண்கூடாகக் குறைகிறது. மேலும் வெளித்துணியும் உள்ளறையும் இணைந்தபடியே நிமிர்த்தப்படுவதால், மழைக்கும் காற்றுக்கும் நடுவே உள்ளறை நனைவதில்லை. இளையோருக்கு இது பெரும் உதவியாகும்.

மூன்றாவது வகை, தனிக் கழியின்றி, மலையேற்றக் கைத்தடிகளையே தூணாக நிறுத்தும் கூடாரம். இருவருக்கானது ஒரு கிலோவை ஒட்டிய எடையிலேயே கிடைப்பதால் ஈர்ப்பு மிகுதி; நன்கு இழுத்துக் கட்டப்பட்டால் காற்றையும் திறம்படத் தாங்குகிறது. எனினும் இதன் உருவம் முழுவதும் முளைகளின் இழுவிசையையே நம்பியிருப்பதால், மூலைமுளை ஒன்று பிடுங்கிக்கொண்டால் கூரை சரிந்துவிடும். கைதேர்ந்தவருக்கு இது குறையாகாது. நாள் முழுதும் நடந்து களைத்து, குளிரில் விரல் மரத்து, கைவிளக்கின் ஒளியில் கட்டும் பிள்ளைகளுக்கோ ஒரு பிழையைப் பொறுத்துக்கொள்ளும் கருவியே வேண்டும். அவ்வகையில் பான்ஷீயின் கூடுதல் எடை வீணன்று. இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு அறுநூறு, எழுநூறு கிராம்தான் ஏறுகிறது.

துணியைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனித்தால் போதும். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடையைக் குறிக்கும் அளவு. எண் குறையக் குறைய நூல் மெலியும். எடை குறைந்த கூடாரங்களில் 20 டெனியர் துணி பரவலாகக் காணப்படுகிறது. நைலான் ஈரத்தை உறிஞ்சித் தளர்வதால், மழைக்குப் பின் துணி தொய்ந்து காற்றில் படபடக்கும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்வதில்லை. நைலான் கூடாரம் வைத்திருப்போர் படுக்கப் போகுமுன் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டுவது இன்றியமையாதது.

கூடாரத்தைவிட முளைகள் மீதே இம்மதிப்பீடு கூடுதல் அழுத்தம் தருகிறது. ஏனெனில் மிகக் குறைந்த எடையில் மிகப்பெரிய வேறுபாட்டை விளைவிப்பவை அவையே. பல கூடாரங்களுடன் வரும் மெல்லிய வட்டக்கம்பி முளை, டார்ட்மூரின் நெகிழ்ந்த சதுப்புத் தரையில் கையால் அழுத்தினாலே இறங்கும். அதே எளிமையுடன் வெளியேயும் வரும். கயிறு அசையும்போதெல்லாம் அது தன் அச்சில் திரும்பி, சுற்றியுள்ள துளையைச் சிறிது சிறிதாக அகலப்படுத்துவதை அருகே குனிந்து பார்த்தால் காணலாம். மூன்று விலாக்கள் கொண்ட அலுமினிய முளை, எடுத்துக்காட்டாக எம்எஸ்ஆர் நிறுவனத்தின் கிரவுண்ட்ஹாக், 19 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 13 கிராம் எடையும் உடையது. விலாக்கள் மண்ணைப் பற்றிக்கொள்வதால் அது திரும்புவதில்லை. இத்தகைய எட்டு முளைகளின் மொத்த எடை 105 கிராம் அளவே. மண்ணுக்கடியில் கிரானைட் தட்டுப்படும் இடத்தில் எந்த முளையும் இறங்காது. அங்கே நீண்ட கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றி, அதன்மேல் மற்றொரு கல்லை ஏற்றுவதே வழி. ஆகவே கூடுதலாகச் சில மீட்டர் கயிறும், இழுவிசையை விரும்பியபடி கூட்டிக் குறைக்கத்தக்க டாட் லைன் ஹிட்ச் என்னும் முடிச்சில் பழகிய கையும் வேண்டும். சாரணப் பயிற்சி பிள்ளைகளுக்குத் தரும் முடிச்சறிவு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

எடைக்கும் காற்றுக்கும் இடையிலான முரண் அடுப்பில் இன்னும் தெளிவாக வெளிப்படுகிறது. எரிவாயுக் குப்பியின் தலையில் திருகப்படும் எம்எஸ்ஆர் பாக்கெட் ராக்கெட் 2 வெறும் 73 கிராம். ஆனால் மறைப்பற்ற மேட்டில் அதன் சுடர் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பக்கவாட்டில் பறந்து, வாயு தீர்ந்தும் நீர் கொதிக்காமல் போகலாம். சுற்றிலும் நெருக்கமாகத் தகடு வைத்து மறைப்பதும் தவறு. வெப்பம் குப்பியைச் சூடேற்றி வெடிக்கச் செய்யக்கூடும். ஸ்வீடனின் டிராங்கியா அடுப்போ காற்றையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. அதன் அடித்தட்டில் ஒருபுறமுள்ள துளைகளைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைத்தால், உட்புகும் காற்று சுடரை மேல்நோக்கி ஊக்குகிறது. பாத்திரம் காப்புத் தகட்டுக்குள் ஆழமாக அமர்ந்திருப்பதால் எளிதில் கவிழ்வதுமில்லை. இருவர் பயன்படுத்தும் 27 வகை, பாத்திரங்களுடன் சேர்த்து ஏறத்தாழ 800 கிராம். குறை அதன் எரிபொருளில் உள்ளது: எரிசாராயம் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 27 கிலோஜூல் வெப்பமே தர, எரிவாயு 46 வரை தருகிறது. அதனினும் கவலைக்குரியது, பகலில் சாராயச் சுடர் கண்ணுக்குப் புலப்படாமை. அணைந்துவிட்டதென எண்ணிச் சூடான கிண்ணத்தில் மறுபடி ஊற்றுவதே தீக்காயத்திற்கு வழிவகுக்கும். இதே அடுப்புக்குள், குழாய் வழியே எரிவாயு பெறும் எரிப்பானைப் பொருத்த இயலும். குப்பி வெப்பத்திலிருந்து விலகி வெளியே நிற்பதால், இளையோர் குழுவுக்கு அந்த இணைப்பே சாலச் சிறந்தது. எந்த அடுப்பாயினும் கூடாரத்திற்குள் ஏற்றலாகாது. கார்பன் மோனாக்சைடு நஞ்சு மணமற்றது.

படுக்கைப் பாய்களுள் ஊதிப் பயன்படுத்துவன மெத்தென்றிருப்பினும் ஒரு முள் போதும் அவற்றை வீணாக்க. மடிக்கும் நுரைப்பாய் அரைக் கிலோவுக்குள் அடங்கி, பழுதின்றி ஆண்டுகள் உழைக்கும். பையின் வெளியே கட்டாமல், இயன்றவரை உள்ளே வைப்பது காற்றில் நடப்பவருக்கு நல்லது.

ஆகவே குறைந்த நிதியுள்ள குழு, புதிய கூடாரம் வாங்குமுன் இருக்கும் கூடாரங்களுக்கு விலாமுளைகளும் உறுதியான கயிறும் வாங்குக. அடுத்து டிராங்கியாவும் அதன் எரிவாயு எரிப்பானும். கூடாரம் மாற்றும் நிலை வந்தால் அலுமினியக் கழிகள் கொண்ட தாழ்ந்த வகை. ஒரு கிலோக் கூடாரத்தைக் கைத்தடியோடு பழகிய மூத்த சாரணருக்கு ஒதுக்கலாம். எதை வாங்கினாலும், காற்றடிக்கும் ஒரு நாளில் பயிற்சித் திடலிலேயே பிள்ளைகள் தாமாக அதைக் கட்டி அவிழ்த்துப் பழகிய பின்னரே மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.