யாழும் கையும்

மலைக்கோட்டை உச்சியில் நின்று பார்த்தால் மேற்கே உறையூர் தெரிகிறது. வடக்கே, காவிரிக்கு அப்பால், அரங்கன் கோபுரம். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் நடந்தே போய்விடக்கூடிய தூரந்தான். ஆனால், பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வாரால் அந்தத் தூரத்தைக் கடக்க முடியவில்லை என்கிறது குருபரம்பரைக் கதை. தென்கரையில் நின்றே பாடிக்கொண்டிருந்தாராம். கடைசியில் லோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சந்நிதியில் இறக்கினார். ஆழ்வார் கையில் இருந்த வாத்தியத்தை வீணை என்றுதான் எழுதியும் வரைந்தும் காட்டுகிறார்கள். பழந்தமிழ் நூல்களில் பாணன் கையில் இருப்பதோ யாழ். அந்த யாழ் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியோடுதான் விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' என்ற பெரிய புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அடிகள் 1892-ல் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்தவர். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றியதும் அதே வருஷந்தான். அந்தக் காப்பியத்தின் அரங்கேற்று காதையில் வரும் சில அடிகளுக்குப் பொருள் தேடப்போய், பதினான்கு வருஷம் உழைத்து எழுதிய நூல் இது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஜூலை 19-ல் அடிகள் காலமாகிவிட்டார்.

யாழ் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. இருபத்தொரு நரம்புள்ள பேரியாழ், பதினான்கு நரம்புள்ள சகோட யாழ், ஏழு நரம்புள்ள செங்கோட்டியாழ் என்று பழைய உரைகள் சொல்கின்றன. பத்தர், கோடு, திவவு என்று உறுப்புக்களின் பெயர்களும் கிடைக்கின்றன. அடிகள் துறவி மட்டுமல்ல, விஞ்ஞானப் பட்டதாரியுங்கூட. பெயர்களை வைத்து உருவத்தையும், கணக்கை வைத்துச் சுரத்தையும் மீட்க முயன்றார். என்னைப் போல் கணக்கென்றால் ஒதுங்குகிறவர்கள் பல பக்கங்களில் மூச்சு வாங்க வேண்டியிருக்கும். ஆனாலும் அந்த உழைப்பின் நேர்மை படிக்கிறவனைப் பிடித்து நிறுத்துகிறது.

யாழையும் கிரேக்கர்களுடைய 'லைர்' என்ற வாத்தியத்தையும் ஒன்றென்று சொல்வது நம்மவர்களுக்குப் பிடித்த விஷயம். அது சரியல்ல. லைருக்கு இரண்டு கொம்புகள், மேலே ஒரு குறுக்குக் கட்டை. நரம்புகள் ஏறக்குறைய ஒரே நீளம். யாழோ வில்லைப் போன்றது. நரம்புகள் ஒன்றைவிட ஒன்று குட்டையாகிக்கொண்டு போகும். கிரேக்கர்களுக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. பழைய லைர் ஒன்றின் மிச்சங்கள் லண்டன் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. ஸைகிலோஸ் என்பவர் நாட்டிய கல்லில் ஒரு பாட்டு மெட்டோடு அப்படியே இருக்கிறது. நமக்கும் புதுக்கோட்டைப் பக்கத்தில் குடுமியான்மலைச் சங்கீதக் கல்வெட்டு உண்டு. அதில் சுரவரிசைகள் இருக்கின்றன; பாட்டு இல்லை.

இத்தனை இருந்தும் அங்கேயும் லைர் பிழைக்கவில்லை. இன்று கிரீட் தீவில் 'லீரா' என்று கேட்டால், பிடில் மாதிரி வில் போட்டு வாசிக்கும் வாத்தியத்தைக் காட்டுவார்கள். இங்கே வீணையின் கதையும் அதுதான். சமுத்திரகுப்தன் தன் பொற்காசில் மடியில் வைத்து மீட்டுகிற வீணை வில் வடிவந்தான். வாத்தியம் போய்விட்டது, பெயரை வேறொன்று எடுத்துக்கொண்டது.

ஏன் போயிற்று? திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதையில் ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய 'யாழ்மூரி'ப் பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் யாழையே உடைக்க ஓங்கினார்; சம்பந்தர் தடுத்தார். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். குரல் வளைந்து குழைந்து போகிற இடத்துக்கு அது எப்படிப் போகும்? வீணையின் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடித்துவிடலாம்.

இது வாத்தியத்தின் குறை. வாசித்தவர்களின் கதை வேறு. 'யாழ் நூலை' மூடி வைத்தபோது நரம்புகளின் அளவெல்லாம் மனத்தில் நின்றது. அவற்றை மீட்டிய விரல்கள் தெரியவில்லை. அப்பனிடமிருந்து பிள்ளை கற்றுக்கொண்ட வித்தை அது. அந்தக் குடியை ஆற்றின் அக்கரையிலேயே நிறுத்திவிட்டால், கற்றுக்கொடுக்க யார் மிஞ்சுவார்கள்? அரங்கேற்றத்தின்போது அடிகள் கணித்துச் செய்வித்த யாழ்கள் ஒலித்தன. ஆனால் கச்சேரி மேடைக்கு அவை வரவில்லை. கணக்கு வந்துவிட்டது, பழகிய கை வரவில்லை. இதை அடிகளின் குறையாகச் சொல்லமாட்டேன். ஒரு மனிதர் செய்யக்கூடியதற்கு மேலேயே அவர் செய்துவிட்டார்.

அண்மையில் சில இளைஞர்கள் மறுபடி யாழ் செய்து வாசிக்கிறார்கள். சந்தோஷந்தான். அவர்கள் ஒருமுறை ஸ்ரீரங்கத்துக்கு வந்து, திருநாள் இரவில் நம்பெருமாள் உள்ளே எழுந்தருளும்போது நடக்கும் வீணை ஏகாந்தத்தைக் கேட்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரு வாத்தியத்துக்கு இடமும் வேளையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே தெரியும். திரும்பும்போது பாலத்தில் நின்று தென்கரையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும்.