ஓடுதுங்களா?

ஆங்கிலத்தின் 'ரன்' என்ற வினைக்கு ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 645 பொருள் கண்டதாக 2011-இல் செய்தி வந்தது. கோவைப் பக்கத்து 'ஓடு' அதற்கு இளைத்ததல்ல. சோமனூரில் தரையோடு முடுக்கிய விசைத்தறி நாள் முழுக்க 'ஓடும்'. இடம்விட்டு ஓடுவதோ, பாவு நூலுக்கு நடுவே குறுக்கும் மறுக்கும் பாயும் நாடாதான். கிணற்றில் மோட்டார் ஓடும். பிள்ளைகள் படிப்பும் வீட்டுச் செலவும் தறிக்கூலியில் ஓடும். கவலை வந்தால், "ஒண்ணும் ஓட மாட்டேங்குதுங்க" என்பார்கள். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தது முதல் இயந்திரங்களோடு புழங்கிப் புழங்கி வளர்ந்த பேச்சு இது. எனக்கு மிகப் பிடித்தது அவர்களின் குசல விசாரிப்பு: "எப்படீங்க, தறியெல்லாம் ஓடுதுங்களா?" தொழிலையும் குடும்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் நீங்களும் இப்படியே கேளுங்கள், மனசுவிட்டுப் பேசுவார்கள்.