நம்பர் 42

சுவிஸில் இருக்கிற மச்சான் ஆனி மாதம் ஊருக்கு வந்தபோது, நான் கேட்டிருந்த சப்பாத்தைக் கொண்டுவந்தான். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் மணம் அறை முழுக்கப் பரவியது. என் கால் 42. பெட்டியில் 40 என்று இருந்தது. "கடையில சொன்னவங்கள் மச்சான், பாறை ஏறுற சப்பாத்து ரெண்டு நம்பர் குறைச்சுத்தான் போடவேணுமாம்" என்றான். அந்தப் பேச்சை நம்பியதில் எனக்கு ஒரு மாதம் வீணாகப் போனது. போல்டரிங் பழக ஆசைப்படுகிறவர்கள் அந்த மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போல்டரிங் என்றால் கயிறு கட்டாமல், நாலைந்து மீற்றர் உயரப் பாறைகளில் கையையும் காலையும் நம்பி ஏறுவது. வேண்டிய சாமான் மூன்றே மூன்று: சப்பாத்து, சோக்குத்தூள், விழுந்தால் தாங்க ஒரு மெத்தை. மற்ற எதையும் முதல் வருடத்தில் வாங்காதீர்கள்.

வெல்லாவெளிப் பக்கத்துப் பாறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயல் வட்டைக்கு நடுவே யானை படுத்திருப்பதுபோல் உருண்டு கிடப்பவை அவை. கிழக்கிலங்கையின் பெரும்பகுதிக்கு அடித்தளமான விஜயன் தொகுதியின் நைஸ் பாறை. ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுப் பழமை. வெயிலிலும் மழையிலும் படை படையாக உரிந்து உரிந்து மேற்பரப்பு வழுவழுப்பான வளைவாகிவிட்டது. விரல்நுனி வைக்க விளிம்பு அரிது. ஆனால் கையால் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். இதில் கால் நிற்பது உராய்வினால் மட்டும்தான். குதியைத் தாழ்த்தி, முன்பாதத்தின் அடிப்பகுதி முழுவதையும் பாறையில் அப்பி அழுத்தவேண்டும். அழுத்தம் கூடக்கூடப் பிடியும் கூடும்.

மச்சான் கொண்டுவந்த சோடி அதற்குச் செய்ததல்ல. அதன் மூக்கு பருந்தின் அலகுபோல் கீழ்நோக்கி வளைந்திருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நாம் பார்த்தோமே, ஏறுபவரின் முதுகுப் பக்கம் சரிந்து நிற்கும் சுவர்கள், அந்தச் சுவர்களுக்கு அது உயிர். கூரையில் தொங்கிக்கொண்டு ஒரு சிறு பிடியைக் கால்விரலால் கொக்கிபோல் இழுக்க அந்த வளைவு வேண்டும். நம் பாறையிலோ பாதம் தட்டையாகப் படவேண்டிய இடத்தில் பெருவிரல் நுனி மட்டும் பட்டது. மூன்றாவது எட்டில் வழுக்கியது. மறுபடி ஏறினேன், மறுபடி வழுக்கியது. என் காலில் பலமில்லை என்றே முதல் இரண்டு கிழமையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோவு வேறு. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால் நம்முடையது. விரல்கள் அகல விரிந்திருக்கும். வயல் வரம்பில் நடந்தவர்களின் பாதச்சுவட்டை ஈரமண்ணில் பாருங்கள், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஒரு விரல் வைக்கலாம். அந்தக் காலை இரண்டு நம்பர் சிறிய கூட்டுக்குள் மடக்கித் திணித்தால் என்னாகும்? காலை ஏழு மணிக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது, வெயில் ஏறிக் கால் வீங்கியதும் எட்டரைக்குத் தாங்கவில்லை. மூன்றாம் கிழமை இரண்டாம் விரலின் நகம் கறுத்தது. அதை விற்ற கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் அது தட்பவெப்பத்தையும் காலின் அகலத்தையும் கேளாமல் எல்லோருக்கும் ஒரே விதியைச் சொல்லி விற்கிறதே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது சோடி இத்தாலியில் செய்தது. தட்டையான அடி, உள்துணி இல்லாத தோல், கயிறு கட்டுவது, நம்பர் 42. முதல் நாள் விரல்கள் முன்பக்கத்தைத் தொட்டன, ஆனால் மடங்கவில்லை. அவ்வளவு இறுக்கம் போதும். உள்துணி இல்லாத தோல் சில கிழமைகளில் காலுக்கேற்ப நெகிழும். செயற்கைத் துணியில் செய்தது பெரிதாக நெகிழாது, ஆகவே அதை வாங்குபவர்கள் கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போட்டுப்பார்த்து வாங்குங்கள். லா ஸ்போர்ட்டிவாவின் டாரன்டுலேஸ், ஸ்கார்ப்பாவின் ஒரிஜின் இரண்டும் தொடங்குபவர்களுக்கென்று செய்த தட்டை ரகம்தான்.

அதைப் போட்டுக்கொண்டு அதே பாறை, அதே மூன்றாவது எட்டு. குதியைத் தாழ்த்தினேன். ரப்பர் மணிமணியான கற்பரலுக்குள் இறங்கி உட்காருவதை உள்ளங்காலில் உணர்ந்தேன். கால் அசையவேயில்லை. அந்த ஒரு கணத்துக்காக இன்னும் ஆயிரம் தடவை ஏறுவேன்.

சின்னம்மா கேட்டா: "தாந்தாமலையில முருகனைப் பார்க்க எல்லாரும் வெறுங்காலோடதானே மனே ஏறுறம், உனக்கென்னத்துக்குச் சப்பாத்து?" நியாயமான கேள்வி. பிரான்சின் சார்ள்ஸ் அல்பேர்ட் உலகின் மிகக் கடினமான பாறைகளில் சிலவற்றை வெறுங்காலோடுதான் ஏறியிருக்கிறார். ஆனால் அவர் ஏறுவது ஃபொன்டென்புளோவின் மணற்கல். நம் நைஸில் ஆடி வெயில் விழுந்தால் பத்து மணிக்குக் கை வைக்க முடியாது. விடிகிறபோதே போகலாமென்றால் யானை வட்டையை விட்டுப் போயிருக்காது. வெளிச்சம் நன்றாக வந்தபின் போய், ஒன்பதுக்குள் இறங்கிவிடவேண்டும். அதற்குமேல் ரப்பரும் சூட்டில் இளகிப் பிடியை இழக்கிறது.

சோக்குத்தூள் எதுவானாலும் மக்னீசியம் காபனேற்றுத்தான். 1950களில் அமெரிக்காவின் ஜோன் கில் என்ற கணித மாணவர் ஜிம்னாஸ்டிக்ஸ் களத்திலிருந்து அதைப் பாறைக்குக் கொண்டுவந்தார். இங்கே அதன் பலன் காற்றைப் பொறுத்தது. தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ந்தபின் மலை கடந்து வறண்டு இறங்குகிற கச்சான் வீசும்போது கொஞ்சம் தூள் நெடுநேரம் நிற்கும். ஊரே திட்டுகிற கச்சானுக்காகக் காத்திருப்பவன் நான். ஐப்பசிப் புழுக்கத்தில் தூள் கையிலேயே களியாகிவிடும். அப்போது மதுசாரம் கலந்த திரவச் சோக்கைப் பூசி, காய்ந்தபின் மேலே தூள் போடுங்கள். பிடியில் ஒட்டிய தூளைப் பழைய பற்தூரிகையால் துடைத்துவிட்டு வரவேண்டும். கம்பித் தூரிகை கூடவே கூடாது.

மெத்தையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். படுக்கை ஸ்பொஞ்சில் விழுந்தால் குதி நேரே நிலத்தில் இடிக்கும். இதற்கென்றே செய்த கிராஷ் பேட் மெத்தையில் மேலே விறைத்த நுரை அடியைப் பரப்புகிறது, கீழே மென்மையான நுரை அதை வாங்குகிறது. பத்துச் சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும். இரண்டை அடுக்கினால் நடுவில் இடைவெளி விடாதீர்கள், கணுக்கால் முறிவது அங்கேதான்.

எல்லாப் பாறையும் நமக்கல்ல. வெல்லாவெளியில் பிராமிக் கல்வெட்டுள்ள பாறைகள் இருக்கின்றன. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருப்பது ஒருபுறம். இரண்டாயிரம் ஆண்டு எழுத்தின்மேல் சோக்குக் கை வைக்க எவருக்கும் மனம் வரக்கூடாது. கோயில் பாறைகளும் அப்படியே. நான் ஏறுவது ஒரு போடியாரின் வயலோரத்தில், அவரிடம் கேட்டு, வெள்ளாமை வெட்டியபின்.

ஆறு கிழமையில் வலது பெருவிரலடி ரப்பர் மெலிந்துவிட்டது. மூக்கைச் சுற்றிய பட்டி தேயுமுன் அடியை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் சோடி போய்விடும். களுவாஞ்சிக்குடியில் சப்பாத்துத் தைக்கிற ஐயாவிடம் கொண்டுபோனேன். நகத்தால் கீறி, வளைத்து, மோந்துகூடப் பார்த்தார். "ரப்பரை எடுத்துத் தா தம்பி, வெட்டி ஒட்டுறது என்ர வேலை" என்றார். மச்சானுக்கு அன்றிரவே சொல்லியிருக்கிறேன்: அடுத்தமுறை சப்பாத்து வேண்டாம், நாலு மில்லிமீற்றர் ரப்பர் தாள் ஒன்று.