ஓரரங்கிற் பல்லிசை

வெவ்வேறு மரபினராகிய இசைவாணரை ஊர்த்தெருவிலும் கோயில் முன்றிலிலும் ஒருங்கு கூட்டிப் பாடுவிக்கும் விழாக்கள் இந்நாளிற் பெருகி வருகின்றன. புதுமை விழைவார் இவற்றை ஆராயாது புகழ்கின்றனர். பழமை பேணுவார் ஆராயாது இகழ்கின்றனர். நடுநின்று நோக்குவார்க்கு இவற்றின்கண் நலமும் உண்டு, குறையும் உண்டு. அவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

சென்னை மாநகரில் இவ்வகை விழாக்கள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று, 2007-ஆம் ஆண்டிற் பூங்காக்களிலும் திறந்த வெளிகளிலும் தொடங்கி, இடையே நின்று, 2023-இல் அரசினரால் மீட்டும் நடத்தப்பெற்ற சென்னை சங்கமம். மற்றொன்று, 2015-இல் பெசன்ட் நகரையடுத்த மீனவரூராகிய ஊரூர் ஆல்காட் குப்பத்திற் பாடகர் டி. எம். கிருஷ்ணா முதலியோர் ஊரவரொடு கூடித் தொடங்கிய விழா. முன்னது சிற்றூர்க் கலைகளை நகரத்துக்குக் கொணர்ந்தது. பின்னது சபைகளிற் கேட்கப்படும் கருநாடக இசையைக் கடற்கரைக் குப்பத்திற்குக் கொண்டுசென்று, பறையாட்டம், வில்லுப்பாட்டு முதலியவற்றொடு ஒருங்கு வைத்தது. கூப்பிடு தொலைவில் வாழ்ந்தும் ஒருவர் இசையை ஒருவர் கேளாதிருந்த இருசாராரை ஒருங்கமர்த்தியதே இதன் தலையாய நலமென்க.

இங்ஙனம் கூட்டுதல் சைவர்க்குப் புதிதன்று. திருஞானசம்பந்தர் பாணர் மரபினராகிய திருநீலகண்ட யாழ்ப்பாணரைத் தம்முடன் கொண்டு தலந்தோறும் சென்றமையும், சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்க நாயனார் அப்பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் வேதியின் மருங்கே துயிலிடம் தந்தமையும் பெரியபுராணத்தால் அறிகின்றோம். திருத்தருமபுரத்திற் பதிகத்தின் இசை யாழிலடங்காமை கண்டு பாணர் அதனை உடைக்கப் புக்கபோது, பிள்ளையார் தடுத்து, இயன்றவளவு வாசிக்கவெனப் பணித்தருளினார். மிடற்றிசைக்கும் கருவியிசைக்கும் உள்ள வேறுபாடு ஆண்டு மறைக்கப்படவில்லை. அதுபற்றி யாழ் கைவிடப்படவுமில்லை. பல்லிசை கூடும் அரங்கிற்கு இதனினுஞ் சிறந்த அளவுகோல் யாதுளது?

இவ்வளவுகோல் கொண்டு நோக்குங்கால், இன்றைய விழாக்களிற் காணப்படும் பெருங்குறை ஒன்று புலப்படும். ஒவ்வோரிசைக்கும் தனக்குரிய இடமும் பொழுதும் உள. பறை தீயிற் காய்ச்சித் தோலை முறுக்கேற்றி வெட்டவெளியில் முழக்கப்படுவது. வில்லுப்பாட்டு, தென்பாண்டிக் கோயிற் கொடைகளில் வில்லும் குடமும் உடுக்கையும் ஒலிப்ப இரவெல்லாம் கதை வளர்ப்பது. கூத்து விடியுமளவும் நிகழ்வது. ஆலாபனையோ தம்புராவின் மெல்லொலி கேட்கும் அமைதியை வேண்டுவது. இவையனைத்திற்கும் ஒரே மேடையிற் சிறுபொழுது அளந்து கொடுப்பின், கேட்போர் பெறுவது இசையன்று, அதன் சுவடேயாம். இனி, எல்லாவற்றையும் ஒருசேர முழக்கிக் கலப்பிசை செய்வாரும் உளர். ஆண்டு, ஒன்று தலைமை பெற, ஏனையவை அதற்குப் பக்கவாத்தியமாய் ஒடுங்குதலே பெரும்பான்மை.

இதனினும் ஆழ்ந்ததொரு வினாவுண்டு. பறை முழக்குதல் பல ஊர்களிற் சாதிபற்றிச் சுமத்தப்பட்ட இழிதொழிலாக நெடுங்காலம் இருந்தது. அதனாற் பறையையே துறந்தாரும் உளர். அதனை மேடையேற்றிக் கலையென மதித்தல் ஒரு நல்லறமே. ஆயினும், விழாவன்று பறைக்குக் கைதட்டி, மறுநாட் பறைஞரைத் தெருக்கோடியில் நிறுத்துவோமாயின், அக்கைதட்டல் யாருக்கு என்ன பயன் தரும்? நீலநக்கர் பாணரின் யாழைக் கேட்டதோடு அமைந்திலர். தம் மனைக்கண் இடமுந் தந்தார். கேட்டலுக்கு அடுத்த படி அதுவாம்.

ஆதலின், இவ்விழாக்களைக் கூடிய கலைகளின் தொகை கொண்டு மதித்தல் தவறு. ஒவ்வோரிசைக்கும் அதன் முழுப்பொழுது கிட்டியதா, கலைஞர் அனைவர்க்கும் ஒத்த ஊதியம் அளிக்கப்பட்டதா, தம்மிசை முடிந்தபின் எழுந்து போகாது பிறரிசைக்கும் கேட்போர் அமர்ந்திருந்தனரா என்பனவே வினவத்தக்கன. ஓரிரவில் பத்துக் கலைகளைக் காட்டுதலினும் இரண்டினை முற்றக் கேட்பித்தல் மேலாம். குப்பத்திற்குச் சபை சென்றதுபோல, சபைக்குப் பறையும் வில்லும் ஒத்த மதிப்பொடு செல்லுக. இவற்றை விழா நடத்துவோர் கடைப்பிடிப்பாராக.