கட்டடம் எழுமுன் கேட்போம்

நூலொன்று வெளிவந்தால் அதன் நிறைகுறைகளை ஆராய்ந்து மதிப்புரை எழுதுகிறோம். நாடகம் அரங்கேறினால் மறுநாளே அதுபற்றி வாதிடுகிறோம். ஆனால், நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்க வேண்டிய கட்டடங்களைப் பற்றியோ, நடக்க வேண்டிய தெருக்களைப் பற்றியோ வாய் திறப்பதில்லை. திறந்தாலும், இடிப்பார் வந்து நின்ற பின்னரே திறக்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமத்தை எடுத்துக்கொள்வோம். 1904-இல் தோன்றிய அதன் வளாகத்தில் பல மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014-இன் இறுதியில் வெளிப்பட்டது. நம்மவர் திரண்டு எதிர்த்தனர். 2016-இல் அது மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. மகிழத்தக்க வெற்றிதான். ஆயினும், அன்று மிகுதியாக ஒலித்தது உணர்ச்சியே. பழைய கட்டடம் நிலைக்கும், கல்விப் பணிக்குப் பொருள் சேரும் என்றது அறங்காவலர் தரப்பு. அவ்வாறாயின் பேணும் செலவுக்கு வேறு வழி யாது? அந்த நெருக்கடியான தெரு இன்னும் எத்துணை வண்டிகளைத் தாங்கும்? இவற்றுக்கு விடை தேடியோர் சிலரே.

இனி, தாமான் ரிம்பா கியாராவைக் காண்போம். அங்குள்ள பூங்கா நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் அளித்த அனுமதி செல்லாது என 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்டை வாழ்வோரின் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. ஆனால், அதே இடத்தில் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. நிலையான வீடு கிடைக்குமென்று நாற்பது ஆண்டுகளாக லயத்தில் காத்திருந்த நம் மக்கள் அவர்கள். அவர்களுக்கான வீடுகளும் அத்திட்டத்துடனே பிணைக்கப்பட்டிருந்தன. பூங்காவா, ஏழைக்கு வீடா என்று இரண்டையும் மோதவிட்டதே பெருங்குறை. ‘பூங்காவும் நிலைக்கட்டும், வீடும் எழட்டும்’ என்று தொடக்கத்திலேயே பலரும் கூடிப் பேசியிருந்தால் இத்துணை ஆண்டுகள் வழக்கில் கழிந்திரா.

என் பள்ளியருகே ஒருமுறை அறிவிப்புப் பலகையொன்று நட்டனர். பெற்றோர் அதை வீட்டுமனை விளம்பரம் என்றெண்ணிக் கடந்து சென்றனர். நாள்தோறும் அவ்வழியே போன நானும் நின்று படிக்கவில்லை. ஆட்சேபம் தெரிவிக்கும் நாள் கடந்த பின்னரே, “ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று ஒருவர் வந்து கேட்டார். பாடம் நடத்துபவன் தானே பாடம் கற்ற நாள் அது.

2024-இல் கோலாலம்பூருக்கான 2040 வட்டாரத் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, அதைத் தமிழில் விளக்க நம் சங்கங்களுள் எத்தனை முன்வந்தன? கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியவற்றுக்கும் அந்நாள் வரலாம். எனவே, ஆசிரியத் தோழர்களே, மாணவருக்குக் கவிதையின் நயம் காட்டும் நாம், நிலப்படத்தைப் படிக்கவும் கற்பிப்போம். நம் ஊரின் வரைவு வெளிவரும்போது ஒரு மாலைப்பொழுதில் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, அதை விரித்துக் காட்டுவோம். கருத்துரைக்கும் உரிமையைச் சட்டம் தரலாம். கருத்தை நாம்தான் உருவாக்க வேண்டும்.